வெள்ளிக்கிழமைப் பானை

மதுரை
18-6-1979

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி கர்ணன். உடம்புக்குக் குறைவில்லை, ஓட்டல் சாம்பார்தான் வயிற்றோடு சண்டை போடுகிறது. நீ சௌக்கியமா? அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

வேலை கிடைத்துவிட்டது. குழந்தை நல ஆய்வு மையம் என்று ஒன்று. இந்த வருடம் உலகம் முழுக்கக் குழந்தைகள் ஆண்டாம். அதற்காக வெளிநாட்டிலிருந்து பணம் வந்திருக்கிறது. ஆபீஸ் சுவரெல்லாம் சிரிக்கிற பிள்ளைகளின் படம். போன வாரம் கம்பம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். வாத்தியார் ஒரு பையனைக் காலரில் பிடித்துச் சுவரில் மோதிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "வாங்க தம்பி, டீ குடிக்கிறீகளா?" என்றார். காலரிலிருந்து கையை எடுக்கவில்லை. நான் அந்த டீயைக் குடித்தேன் அக்கா. அதுதான் இன்னும் எரிகிறது.

ஆய்வு இதுதான். ஒரே ஆசிரியர் இருக்கிற பள்ளிக்கூடங்கள் பன்னிரண்டுக்குத் தலா ஒரு உதவியாளர் கொடுப்போம். ஜூலையிலிருந்து பிப்ரவரி வரை. அதனால் பிள்ளைகள் வாங்குகிற அடி குறைகிறதா என்று அளப்போம். பாதியாகக் குறைந்தால் உதவியாளர் இன்னும் மூன்று வருடம் இருப்பார். குறையாவிட்டால் பிப்ரவரியோடு சரி. உன் பள்ளிக்கூடத்தின் பெயரைத்தான் முதலில் கொடுத்தேன்.

அளப்பது எப்படி என்று கேட்பாய். பிள்ளைகளிடம் கேட்டால் வாத்தியார் முகத்தைப் பார்த்துத்தான் பதில் சொல்லும். அதனால் நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். வெள்ளிக்கிழமை கடைசி மணியில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு புளியங்கொட்டை, ஒரு மக்காச்சோளம் கொடுக்க வேண்டும். சாக்கு மறைப்புக்குப் பின்னால் குறுகிய வாய்ப் பானை இருக்கும். அந்த வாரம் பள்ளிக்கூடத்தில் அடி வாங்கியிருந்தால் புளியங்கொட்டையைப் போட வேண்டும், வாங்காவிட்டால் சோளத்தை. மிச்சம் இருப்பதைத் திரும்பக் கேட்கக் கூடாது. கேட்டால் எதைப் போட்டது என்று தெரிந்துவிடும். எண்ணிக்கையை உதவியாளர் எனக்குக் கார்டில் எழுதுவார். டைரக்டர் வைகுண்டராஜ் சார் கேட்டுவிட்டு என் முதுகில் தட்டினார்.

உன் பானையில் சோளம்தான் நிறையும், எனக்குத் தெரியும். ஆனாலும் ஆய்வு என்றால் ஆய்வு. சரி என்று ஒரு வரி எழுது.

உன் தம்பி,
கர்ணன்


வெள்ளைக்கரடு
29-6-1979

அன்புத் தம்பி கர்ணனுக்கு,

அக்கா ராக்கம்மாள். நாங்கள் இருவரும் நலம். அம்மா காலில் தைலம் போட்டுக்கொண்டு நடமாடுகிறாள். உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "பிள்ளைகள அடிச்சாகளா இல்லையான்னு பானைகிட்ட கேக்குறதுக்கு மதுரையில சம்பளமா? ஏலே, அந்த வேலைய எனக்கும் ஒண்ணு வாங்கிக் குடுறா" என்று சிரிக்கிறாள்.

எனக்குச் சம்மதம். ஆளைச் சீக்கிரம் அனுப்பு. எண்பத்து மூன்று பிள்ளைகள், ஐந்து வகுப்பு, ஒரு அறை. முதல் வகுப்புக்கு 'அ' போட்டுக் காட்டும்போது நான்காம் வகுப்பு ஜன்னல் வழியாக இறங்கிப் பொட்டிப்புரம் ரோட்டில் நிற்கும். மத்தியானச் சோறும் நான்தான் போட வேண்டும். போன வாரம் கோதுமை ரவையில் புழு. பொறுக்கி எடுக்கவே ஒரு மணி நேரம் போய்விட்டது. அந்த ஒரு மணியில் உள்ளே இரண்டு சிலேட்டு உடைந்தது, ஒரு மண்டையும் உடைந்தது.

நீ எழுதிய மற்ற விஷயங்களையும் படித்தேன். ராத்திரி மோர் குடி, வயிறு அடங்கும்.

அன்புடன் அக்கா,
ராக்கம்மாள்


மதுரை
16-7-1979

அன்புள்ள அக்கா,

இங்கே நான் நலமாக இருக்கிறேன். மோருக்கு வயிறு அடங்கிவிட்டது. அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

நம் ஊர்ப் பெண்ணே உதவியாளராகக் கிடைத்தது நல்லது. பூமாரி எஸ்.எஸ்.எல்.சி. தேறியவள் என்பதால் எனக்கும் நிம்மதி. அவள் வகுப்பெடுக்கத் தொடங்குவதற்கு முன்னால் எடுத்த முதல் கணக்கு வந்தது. புளியங்கொட்டை நாற்பத்தாறு. இரண்டு தடவை படித்தேன். வீட்டில் வாங்கிய அடியையும் சேர்த்துப் போட்டுவிட்டார்களா? பள்ளிக்கூடத்து அடி மட்டும்தான் என்று பிள்ளைகளுக்குச் சரியாகச் சொன்னீர்களா? விவரம் எழுது. இந்த நாற்பத்தாறு இருபத்து மூன்றாகக் குறைந்தால்தான் பூமாரிக்கு மூன்று வருடம்.

தம்பி,
கர்ணன்


வெள்ளைக்கரடு
25-8-1979

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் சுகம். உன் கடிதம் வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது, பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன், மன்னித்துக்கொள். நீ உடம்பைப் பார்த்துக்கொள்.

பூமாரி கெட்டிக்காரி. முதல் இரண்டு வகுப்பையும் மரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுகிறாள். அவளுக்குப் பாட்டு வரும். பதினொரு வருடமாக இங்கே வேலை பார்க்கிறேன், போன செவ்வாய்க்கிழமைதான் முதல் தடவையாக ஒரு கணக்கை ஆரம்பத்திலிருந்து முடிவுவரை நடத்தினேன். சிரிக்காதே. முடித்தவுடன் என்ன செய்வது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றேன்.

நீ கேட்டதற்கு என்ன எழுத? சின்னப் பிள்ளைகள். என்ன புரிந்துகொண்டு என்ன போட்டதுகளோ.

அக்கா,
ராக்கம்மாள்


மதுரை
15-10-1979

அன்புள்ள அக்கா,

சௌக்கியம்தானே? எனக்குக் காய்ச்சல் வந்து போய்விட்டது, பயப்படாதே.

உன் பள்ளிக்கூடம்தான் இங்கே பேச்சு. நாற்பத்தாறு, முப்பது, பத்தொன்பது, போன வெள்ளிக்கிழமை ஒன்பது! பன்னிரண்டில் நீதான் முதல். டைரக்டர் இதை அப்படியே டைப் அடித்து வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டார். டிசம்பரில் போட்டோ எடுக்க வருகிறார்கள்.

மற்ற இடங்களில் என்னைப் பார்த்தாலே கடுப்பாகிறார்கள். தேவதானப்பட்டிப் பக்கம் ஒரு பெரியவர், "அடிக்காம என்ன தம்பி செய்யச் சொல்றீக, மடியில வச்சுக் கொஞ்சவா? உங்க அப்பன் உங்கள அடிக்காமலா எம்.ஏ. வரைக்கும் படிச்சீக?" என்கிறார். கூட நிற்கிற தகப்பன்மார் எல்லோரும் அவர் கட்சி. "கண்ணு ரெண்டையும் விட்டுட்டு மிச்சத்த உரிச்சு எடுங்க சார்" என்று சொல்லிப் பிள்ளையைச் சேர்த்துவிட்டுப் போகிறான் ஒருத்தன். எழுதி வைத்துக்கொண்டேன். இதற்கெல்லாம் நான் காட்டுகிற ஒரே பதில் நீதான். "எங்க அக்கா எண்பத்து மூணு பிள்ளைகள அடிக்காம மேய்க்கிது" என்கிறேன்.

தம்பி,
கர்ணன்


வெள்ளைக்கரடு
19-11-1979

அன்புத் தம்பிக்கு,

நலம். மழை விடவில்லை, பள்ளிக்கூடம் ஒழுகுகிறது. அம்மாவுக்குக் குளிரில் கால் நீட்ட முடியவில்லை. உனக்குக் காய்ச்சல் திரும்பவில்லையே?

பூமாரிக்குப் பிப்ரவரிக்குப் பிறகும் வேலை உறுதிதானே? ஒன்பது என்று கணக்கு இருக்கும்போது நிறுத்த மாட்டார்களே? அதை மட்டும் திருப்பி எழுது.

மூன்றாம் வகுப்பில் ஜக்கம்மா என்று ஒரு பிள்ளை. இரண்டு வாரமாக வரவில்லை. போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். மழை நாள்தானே.

ரோட்டில் நின்று என்னைப் பற்றிப் பேசாதே தம்பி.

அக்கா,
ராக்கம்மாள்


மதுரை
10-12-1979

அக்காவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். அம்மா கொடுத்த முறுக்கை டைரக்டரே ஜீப்பில் தின்று தீர்த்துவிட்டார். வெள்ளிக்கிழமை அவர் பக்கத்திலேயே நின்றதால் உன்னிடம் ஒன்றும் பேச முடியவில்லை. அதனால் இதை எழுதுகிறேன்.

போட்டோக்காரர் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திக்கொண்டிருந்தபோது நான் பள்ளிக்கூடத்துக்குப் பின்பக்கம் போனேன். ஐந்தாறு பிள்ளைகள் குத்தவைத்து ஒத்தையா ரெட்டையா விளையாடிக்கொண்டிருந்தார்கள். எல்லாம் புளியங்கொட்டை. அம்மாவாசி என்று ஒரு பையன், அவன் டவுசர் பை இரண்டும் வீங்கிக் கிடந்தன.

"ஏலே, இம்புட்டுக் கொட்டை ஏதுடா?"

"நீங்க குடுத்ததுதான்ணே. வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம."

"அதப் பானையிலல்ல போடச் சொன்னோம்?"

அவன் என்னை ஒரு மடையனைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். "சோளத்தப் போட்டா கொட்டை நமக்கு. கொட்டையப் போட்டா சோளம் நமக்கு. ஒத்தச் சோளத்த வச்சு என்னண்ணே செய்ய? கோழிதான் திங்கும்."

"அப்ப டீச்சர் உன்னைய அடிக்கவே இல்லையா?"

"அடிச்சாகளே! அதுக்காகக் கொட்டைய விட முடியுமா?"

"இவன் தோத்தாங்குளிண்ணே, நேத்துப் பதினெட்டு விட்டான்" என்றாள் பக்கத்திலிருந்த ஒருத்தி.

சிரித்தேன். பிறகு செவிட்டில் அறைந்த மாதிரி இருந்தது. நானும் இதே ஊர்க்காட்டில் கொட்டை பொறுக்கி விளையாடியவன்தான். எம்.ஏ. படித்ததில் அது மறந்துவிட்டது. நாற்பத்தாறு ஒன்பதாக இறங்கியதே, அது அடியா இறங்கியது? பிள்ளைகள் வாரா வாரம் ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் கற்றுக்கொண்டு கொட்டையை மிச்சம் பிடித்திருக்கிறார்கள். அந்த ஒன்பதுக்குத்தான் வெளிநாட்டிலிருந்து பாராட்டுக் கடிதம் வந்திருக்கிறது.

எந்த டீச்சர் அடித்தார் என்று அவனிடம் கேட்கவில்லை. பூமாரியையும் பிள்ளைகள் டீச்சர் என்றுதானே கூப்பிடுகிறார்கள். சின்னப் பெண், பொறுமை இருக்காது. அவளைக் கண்டித்து வை.

இன்னொன்று. போட்டோக்காரர் இடது பக்கம் நின்று கத்திக் கத்திக் கூப்பிட்டும் நீ எழுதியிருந்த அந்த ஜக்கம்மா திரும்பவில்லை. "சளி பிடித்திருக்கிறது" என்றாய். டாக்டரிடம் காட்டினாயா?

ஜனவரியிலிருந்து பானை கிடையாது. ஆளுக்கொரு துண்டுக் காகிதம், ஒரு கோடு அல்லது ஒரு வட்டம், மடித்துப் பெட்டியில் போட வேண்டியதுதான். கையில் ஒன்றும் மிஞ்சாது. ஒன்று சொல். தினமும் கூடவே இருக்கிற உனக்கு இந்தக் கொட்டை விஷயம் தெரியவே தெரியாதா?

கர்ணன்


வெள்ளைக்கரடு
26-12-1979

தம்பிக்கு,

அம்மாவும் நானும் இருக்கிறோம். நீயும் நலம் என்று நம்புகிறேன்.

தெரியும். மூன்றாவது வாரமே தெரியும். உனக்கு எழுதியிருந்தால் நீ அன்றைக்கே மாற்றியிருப்பாய். எண் ஏறியிருக்கும், பூமாரி போயிருப்பாள். அதனால் எழுதவில்லை.

அவளை இதில் இழுக்காதே. அவள் இன்றுவரை ஒரு பிள்ளையைத் தொட்டதில்லை.

எனக்கு இரண்டு மாதம் கொடு. பிப்ரவரி தாண்டட்டும், அதற்குப் பிறகு காகிதமோ பெட்டியோ எதை வேண்டுமானாலும் கொண்டுவா. நீ எண் சரியில்லை என்கிறாய். இங்கே வந்து ஒரு முழு நாள் உட்கார்ந்து பார்த்திருக்கிறாயா? போட்டோ எடுக்க ஜீப்பில் இரண்டு மணி நேரம் வந்தாய். இங்கே அடி குறைந்திருக்கிறது. நிறையக் குறைந்திருக்கிறது. உன் பானைக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியும்.

ராக்கம்மாள்


மதுரை
29-1-1980

அக்காவுக்கு,

உடம்பு பரவாயில்லை. அம்மாவிடம் இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டாதே.

உன் பேச்சைக் கேட்காமல் காகிதம் அனுப்பினேன், நீயும் தடுக்கவில்லை. நான்கு வாரமும் வந்துவிட்டது. முப்பத்தொன்று, இருபத்தொன்பது, முப்பத்து மூன்று, முப்பத்தொன்று. இருபத்து மூன்றுக்கு மேல். அப்படியானால் தோல்வி. டைரக்டரிடம் சொன்னேன். "கொட்டைக் கணக்கே இருக்கட்டும் கர்ணன். ஒம்பதுன்னு அவங்களுக்கு அனுப்பியாச்சு, புஸ்தகம் அச்சாகிக்கிட்டிருக்கு" என்கிறார். பிள்ளைகளின் அடியை அளக்க வந்த இடத்தில் பொய்யை எப்படி மடித்து அனுப்புவது என்று எனக்குப் பாடம் நடத்துகிறார்கள். பதினைந்தாம் தேதி நான் ரிப்போர்ட் கொடுக்க வேண்டும்.

அடித்தது பூமாரி இல்லை என்று எழுதியிருக்கிறாய். அந்தப் பள்ளிக்கூடத்தில் இருப்பது இரண்டு பேர். இந்த வாக்கியத்தை எழுத எனக்கு மூன்று நாள் ஆயிற்று. ஊர் ஊராகப் போய்க் கண்டவனிடமெல்லாம் கேட்ட கேள்வியை உன்னிடம் மட்டும் நான் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். நீ பிள்ளைகளை அடிப்பாயா?

கர்ணன்


வெள்ளைக்கரடு
8-2-1980

தம்பி கர்ணனுக்கு,

அம்மா தூங்குகிறாள், நலம்.

அடிப்பேன்.

புளிய விளாரால், ஸ்கேலால், கையால். பூமாரி வருவதற்கு முன்னால் ஒரு நாளைக்கு இருபது பேர் இருக்கும். படிக்காததற்கு என்று நினைக்காதே. சத்தம் போட்டதற்கு, ஜன்னலில் ஏறியதற்கு, சோற்று வரிசையில் முண்டியதற்கு. பல நாள் எதற்கு என்றுகூட எனக்கு ஞாபகம் இருக்காது, கை மட்டும் வலிக்கும். உன் முதல் கணக்கு நாற்பத்தாறு என்று வந்ததே, அதுவே பொய். அன்றைக்கே இருபத்தைந்து பிள்ளைகளாவது கொட்டையை ஒளித்துவிட்டார்கள். அந்த வாரம் அடி வாங்காத பிள்ளை பத்துக்கூட இருக்காது. எழுபதுக்கு மேல் என்று எழுதிக்கொள். இப்போது முப்பத்தொன்று. நாள் கணக்கில் ஆறேழு பேர். டிசம்பரில் ஒருவரையும் தொடாத நாள் ஆறு இருந்தன. காலண்டரில் புள்ளி வைத்திருக்கிறேன். கணக்கில் நீ புலி, பாதிக்குக் கீழே இறங்கியிருக்கிறதா இல்லையா என்று நீயே போட்டுப் பார்.

ஜக்கம்மாவுக்குச் சளி இல்லை. நவம்பர் ஐந்தாம் தேதி இன்ஸ்பெக்டர் வந்தார். பூமாரிக்கு அன்று காய்ச்சல், வரவில்லை. எண்பது பேரும் உள்ளே. ரெஜிஸ்டர் சரியில்லை என்று பிள்ளைகள் முன்னாலேயே என்னைத் திட்டிவிட்டுப் போனார். அவர் வாசல் தாண்டினதும் ஜக்கம்மா சிரித்தது. என்னைப் பார்த்தா, வேறு எதற்கா, தெரியாது. அறைந்தேன். இடது காது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் ரத்தம் வந்தது. நானே பஸ்ஸில் தேனி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். ஜவ்வு கிழிந்துவிட்டது, அந்தக் காது திரும்புவது கஷ்டம் என்றார் டாக்டர்.

அவள் அம்மா பிச்சையம்மாளிடம் போய் நின்றேன். திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று போனேன். "நீங்க அடிக்காம யாரு டீச்சர் அடிப்பாக? நாலு எழுத்து வரட்டும்னுதானே அடிச்சீக" என்றாள். வரும்போது ஒரு கட்டு முருங்கைக்கீரை வேறு கொடுத்தாள். அதை வாங்கிக்கொண்டு வந்தேன். அம்மா சமைத்தாள்.

ரிப்போர்ட்டில் எழுபது என்று எழுது. சொன்னது யார் என்று கேட்பார்கள். என் பெயரை எழுது, ஜக்கம்மாவின் காதையும் எழுது. என் வேலைக்கு என்ன வந்தாலும் வரட்டும், பூமாரி இருக்க வேண்டும்.

ராக்கம்மாள்


மதுரை
6-3-1980

அன்புள்ள அக்காவுக்கு,

நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்க வாய் வரவில்லை. ஆனாலும் கேட்கிறேன்.

உன் கடிதத்தை எத்தனை தடவை கிழிக்கப் போனேன் என்று தெரியாது. கடைசியில் எல்லாவற்றையும் எழுதினேன். என் பானை தப்பு என்பதை, எழுபதை, முப்பத்தொன்றை, உன் பெயரை, காதை. டைரக்டர் அந்த இரண்டு பக்கத்தையும் உருவிவிட்டார். "அடிச்ச அம்மா சொல்றதெல்லாம் புள்ளிவிவரம் ஆகுமா?" என்றார். நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். "உன் கையெழுத்த யார் கேட்டா?" என்றார். ஒன்பது என்றே போனது.

நேற்று வெளிநாட்டிலிருந்து பதில் வந்தது. ரொம்பச் சந்தோஷமாம். வெள்ளைக்கரட்டில் ஒன்பது பிள்ளைகள்தான் அடி வாங்குகிறார்கள் என்றால் பிரச்சினை தீர்ந்துவிட்டதாம். அந்தப் பணத்தை இதைவிட மோசமான இன்னொரு மாவட்டத்துக்குக் கொடுக்கிறார்களாம். பாதியானால் மூன்று வருடம் என்று சொன்னோமே என்று மேஜையைத் தட்டினேன். "ஒம்பது பிள்ளைக்கு ஒரு ஆள் எதுக்குப்பா?" என்று டைரக்டர் என்னையே கேட்கிறார். பூமாரிக்குச் சம்பளம் பிப்ரவரியோடு முடிந்தது.

நீ மறைத்த ஒன்பதும் அவர்கள் அச்சடித்த ஒன்பதும் சேர்ந்து அவளை வெளியே தள்ளிவிட்டன. நான்தான் அந்தக் கொட்டையைப் பிள்ளைகள் கையில் கொடுத்தவன். வேலையை விட்டுவிட்டேன். அறையில் உட்கார்ந்து பத்திரிகைகளுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். யாரும் போடவில்லை. இந்த அயோக்கியர்களை விடப் போவதில்லை.

தம்பி,
கர்ணன்


வெள்ளைக்கரடு
13-3-1980, வியாழன்

அன்புத் தம்பி கர்ணனுக்கு,

அம்மா சுகம். நான் நடமாடிக்கொண்டு இருக்கிறேன். நீ நேரத்துக்குச் சாப்பிடு.

சனிக்கிழமை பூமாரி போடிக்குப் போய்விட்டாள், ஏலக்காய் தரம் பிரிக்கிற வேலை. இந்த வாரம் முதல் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை மறுபடியும் ஒரே அறையில். முதல் இரண்டு வகுப்பும் அவள் எங்கே என்று கேட்டுக்கொண்டே இருக்கிறது. ஜக்கம்மாவை வலது காது என் பக்கம் வருகிற மாதிரி முன்னால் உட்கார வைத்திருக்கிறேன். நான் கையைத் தூக்கினால் பலகையில் எழுதத் தூக்கினாலும் அது குனிந்துகொள்கிறது.

உன் ஆபீஸ் எண்ணுவதை விட்டுவிட்டது. நான் விடவில்லை. விளாரை உடைத்து அடுப்பில் போட்டுவிட்டேன், அதனால் எல்லாம் கையால்தான். திங்கள் நான்கு பேர். செவ்வாய் ஒன்பது. புதன் பன்னிரண்டு. இன்றைக்கு மணி பதினொன்று ஆகிறது, இதுவரை இரண்டு.

டைரக்டரைத் திட்டி எனக்கு இனிமேல் எழுதாதே. அவர் அயோக்கியர் என்று எனக்கும் தெரியும், அதைத் தெரிந்துகொண்டு மூன்றாம் வகுப்புக்கு என்ன லாபம்? உனக்கு வேலை இல்லை. இங்கே இரண்டு வகுப்பு ஆளில்லாமல் மரத்தடியைப் பார்த்துக்கொண்டு இருக்கிறது. சம்பளம் கிடையாது, அம்மா சோறு போடுவாள். உனக்குப் பாட்டு வராது, பரவாயில்லை. வருவதானால் நாளைக்கே பஸ் ஏறு. வராவிட்டால் காரணம் எழுதாதே, நான் படிக்கப் போவதில்லை.

இப்படிக்கு உன் அக்கா,
ராக்கம்மாள்

இதை மடிப்பதற்குள் அந்த இரண்டு மூன்றாகிவிட்டது.